எந்தக் கோடு என்னுடையது

லெஷான், உன் தலையில் வலை மாட்டுகிறார்கள்.
நூற்றுச் சொச்சம் ஈரப் பஞ்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்.
உப்புத் தண்ணீர் கழுத்தில் வழிய
அழலாமா என்று
என் முகத்தைக் கேட்கிறாய்.
நாலு வயதுக்கு இது அதிகமான அனுமதி.

நீ பிறந்தது ஜூலையில்.
தொங்காட்டைச் சுற்றிக் கரும்புக் காட்டை எரிக்கிற மாதம்.
கொடியில் காய்ந்த உன் துணிகளில்
கருப்பாய், சுருண்டு சுருண்டு சாம்பல்.
உதறினால் போயிருக்கும்.
உதற ஒரு கை வேண்டும்.
இருந்தது,
தோளிலிருந்து தொங்கிக்கொண்டு.

பதினாறாம் நாள் தொட்டில் போட்டார்கள்.
புடவை கட்டிவிட்டு, பூ வைத்துவிட்டு,
படத்துக்குச் சிரி என்றார்கள்.
சிரித்தேன்.
அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறார் உன் அப்பா.
இரவல் நகை அந்தச் சிரிப்பு.
மறுநாளே திருப்பிக் கொடுத்தாயிற்று.

மின்வெட்டுக்காவது அட்டவணை உண்டு.
நிலை நான்கு, மாலை ஆறு முதல் எட்டரை வரை,
அப்பா போனில் பார்த்துச் சொல்வார்.
என் முகத்துக்கு யாரும் நேரம் குறிக்கவில்லை.
நீதான் காத்திருந்தாய்.
ஒரு சத்தம் போடுவாய். புருவத்தை உயர்த்துவாய்.
நாக்கை நீட்டுவாய். மறுபடி ஒரு சத்தம்.
ஆள் இருந்தும் திறக்காத வீட்டை
எத்தனை முறை தட்டுவது?
ஒருநாள் தட்டுவதை விட்டுவிட்டு
மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினாய்.
எனக்கு அது நிம்மதியாக இருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மதில்மேல் ஒரு குரங்கு வரும், வயிற்றில் குட்டியோடு.
அதன்மேல் எனக்குப் பொறாமை.
ஒரு மத்தியானம் அதுவும் குட்டியைப் பிடுங்கி
ஓரமாய் வைத்துவிட்டு
வெறுமனே சாலையைப் பார்த்தது.
பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான்
முதன்முதலாக அழுதேன்.

எடை பார்க்கும் நாளில் சிஸ்டர் த்லாமினி
உன்னை நிறுத்துவிட்டு
என்னையும் நிறுப்பவர்போல் பார்த்தார்.
ஒரு தாள், பத்துக் கேள்வி.
கடைசிக் கேள்விக்கு ‘எப்போதாவது’ என்று குறியிடும்போது
பென்சில் முனை ஒடிந்தது.
வேறு பென்சில் தந்தார்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மாத்திரை. புதன்கிழமைகளில்
பிளாஸ்டிக் நாற்காலி வட்டம்.
யாராவது தேநீர் போடுவார்கள், யாராவது பேசுவார்கள்,
பெரும்பாலும் தேநீர்தான்.
எழுதினால் சலிப்பூட்டுகிற மெதுவில்
திரும்பி வந்தேன்.
அதற்குள் நீ நடக்கக் கற்றிருந்தாய்.
அறைக்குள் வருமுன் வாசலில் நின்று
என் முகத்தில் வானிலை பார்க்கவும்.

இப்போது டர்பனில் இந்தக் குளிரூட்டிய அறை.
திரையில் நீ வரிவரியாக ஓடுகிறாய்,
கண் சிமிட்டினால் எல்லா வரியும் துள்ளுகிறது.
வயிற்றில் இருந்தபோதே நான் சரியில்லை என்கிறேன்
ஆய்வு செய்கிற பெண்ணிடம்.
இதில் எந்தக் கோடு என்னுடையது?

அவள் பொய் சொல்லவில்லை.
முந்நூறு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்
ஏதோ ஒரு சாய்வு தெரியலாம் என்றாள், தெரியாமலும் போகலாம்.
ஒரு பிள்ளையின் கோட்டில்
ஒரு தாயைத் தேட முடியாது.
இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.
அடுத்த பிள்ளை வெளியே காத்திருந்தது.

வலையைக் கழற்றுகிறார்கள்.
நெற்றியெங்கும் வட்ட வட்டமாய்த் தடம்.
துடைக்கக் குனிகிறேன்.
இரண்டு விரலால் என் உதட்டோரங்களை
மேலே தள்ளிப் பார்க்கிறாய்,
சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுபோல.

இருக்கிறது, கண்ணா. கரண்ட் இருக்கிறது.

சரியென்று தலையாட்டுகிறாய்.
ஆனாலும் தொங்காட் வரைக்கும்
பின்சீட்டிலிருந்து, காரின் கண்ணாடி வழியாக,
பார்த்துக்கொண்டே வருகிறாய்.